இரத்த அணுவும் உபகாரச் சம்பளமும்

மனித உடலில் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. அதே அளவில் முதிர்ந்த அணுக்கள் மடிகின்றன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள் என்றும், ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அவை 50 லட்சம் வரை நெருங்கிக் கிடக்கின்றன என்றும் இன்று கல்லூரி மாணவன் ஒருவன் மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறான். ஆனால் இந்த ஜனனம் உடலுக்குள் எங்கே நிகழ்கிறது, எண்ணிறந்த இந்தச் சந்ததிக்கு மூலமாக நிற்பது எது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை காண, நுண்நோக்கியில் முதன்முதலாக இரத்த அணு தென்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அந்த விடையைத் தேடிய சரித்திரத்தைச் சொல்லுகிறவர்கள் பெரிய பேராசிரியர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போவது வழக்கம். அவ்வாறு சொல்வதில் பிழையில்லை. எனினும் அந்தப் பெயர்களுக்கு உரியவர்களுள் பலர், தாம் புகழ்பெற்ற காரியத்தைச் செய்த காலத்தில், பேராசிரியர்களாக இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படிப்பு முடிந்து, பட்டமும் பெற்று, ஆயினும் தமக்கென ஓர் ஆசனமோ ஆராய்ச்சிசாலையோ நிலையான ஊதியமோ இல்லாமல், மற்றொருவருடைய ஆராய்ச்சிசாலையில் ஓர் ஓரத்து மேஜையைப் பெற்று, இரண்டாண்டோ மூன்றாண்டோ உபகாரச் சம்பளத்தில் உழைக்கிறவர்கள் என ஒரு கூட்டம் விஞ்ஞான உலகில் உண்டு. போஸ்ட்டாக் என்று இன்று அவர்களைச் சுருக்கமாக அழைக்கிறார்கள். இரத்த அணுக்களைப் பற்றி நாம் பெற்றிருக்கும் ஞானத்தில் பெரும்பகுதி இவர்களுடைய கையாலும், இப்பெயர் வழங்குவதற்கு முன்பே இதே நிலையில் இருந்த உதவியாளர்களுடைய கையாலும் ஆனது. அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் எவ்வளவு, அதைக் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்தே அந்த ஞானம் விரைந்தும் தேங்கியும் வந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் எடுத்துக்காட்ட விரும்பும் விஷயம்.

இரத்தத்தில் அணுக்கள் இருப்பதை முதலில் கண்டவர்கள் ஹாலந்து தேசத்தார். யான் ஸ்வாமர்டாம் 1658-இல் தவளையின் இரத்தத்திலும், துணி வியாபாரியான லீவன்ஹூக் 1674-இல் மனித இரத்தத்திலும் அவற்றைக் கண்டார்கள். பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அவை உருண்டைகள் என்ற அபிப்பிராயமே நிலைத்திருந்தது. அதைத் திருத்தியவர், லண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற கீர்த்தி வாய்ந்த உடற்கூறு ஆசிரியரிடம் உதவியாளராக அமர்ந்து, பின்னர் அவருடைய கூட்டாளியாகவும் உயர்ந்த வில்லியம் ஹியூசன் என்பவர். நெருங்கிக் கிடக்கும் அணுக்களைப் பிரித்துக் காண்பதற்காக முன்னோர்கள் இரத்தத்தில் தண்ணீரைக் கலந்தார்கள். தண்ணீர் பட்ட மாத்திரத்தில் அணு அதை உறிஞ்சி ஊதிப்போய் உருண்டையாகிவிடும் என்பதை அவர்கள் உணரவில்லை. ஹியூசன் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, இரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் சீரத்தையே கலந்து பார்த்தார். அணுக்கள் தட்டையாகக் காட்சி தந்தன. உபகரணத்தில் மாற்றமில்லை, கண்ணில் மாற்றமில்லை. கலக்கும் திரவத்தில் கொண்ட கவனம் ஒன்றே நூறாண்டுப் பிழையை நீக்கியது.

நிணநீர் நாளங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1769-இல் ராயல் சொஸைட்டியின் காப்ளி பதக்கத்தைப் பெற்ற ஹியூசன், விரைவிலேயே தம் ஆசிரியருடன் பிணங்கிப் பிரிய நேர்ந்தது. பிணக்கின் காரணம் பணம் மட்டுமன்று. ஹியூசன் தம் கையால் அறுத்துப் பதப்படுத்திய உடற்கூறு மாதிரிகள், ஹண்டரின் கூடத்தில் ஹண்டரின் செலவில் உருவானவை ஆதலால் ஹண்டருக்கே உரியவையா, அல்லது செய்தவருக்கும் அவற்றில் பாத்தியதை உண்டா என்பதே வழக்கின் உயிர்நிலை. இந்த விவகாரத்தைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு, அப்பொழுது லண்டனில் வசித்த அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினிடம் வந்தது. அவர் குடியிருந்த கிரேவன் தெரு வீட்டுக்காரியின் மகளைத்தான் ஹியூசன் மணந்திருந்தார். பிரிந்தபின் அந்த வீட்டிலேயே சொந்தமாக ஒரு பாடசாலையைத் தொடங்கிய ஹியூசன், 1774-இல் பிரேத பரிசோதனையின்போது பட்ட காயம் புரையோடி, 34-ஆம் வயதில் காலமானார். அவர் அரைகுறையாக விட்டுச் சென்றவற்றை அவருடைய உதவியாளராக இருந்த மேக்னஸ் பால்கனர் முடித்து, 1777-இல் வெளியிட்டார். ஆசிரியருடைய கூடத்தில் சிஷ்யன் கண்டெடுத்த பொருள் யாருக்கு உரியது என்ற இந்த வழக்கு, ஆராய்ச்சிசாலைகளில் இன்றளவும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரத்தத்தைப் பார்ப்பதோடு, எண்ணவும் படம் பிடிக்கவும் ஆரம்பித்தார்கள். பாரிஸில் ஆல்பிரட் டோனே 1845-இல் வெளியிட்ட நுண்நோக்கிப் படத்தொகுதிக்கு, அந்நாளில் புதுமையாயிருந்த டாகுரோ முறையில் இரத்த அணுக்களைப் படமெடுத்துக் கொடுத்தவர் அவருடைய உதவியாளர் லியோன் பூக்கோ. பின்னாளில் ஊசலைத் தொங்கவிட்டுப் பூமியின் சுழற்சியை உலகுக்குக் காட்டியவர் இவரே. ஜெர்மனியில் கார்ல் பீரோர்ட் 1852-இல் சிவப்பணுக்களை எண்ணும் முறையை வகுத்தார். ஒரு முறை எண்ணி முடிக்க மணிக்கணக்கில் குனிந்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இரத்தம் எங்கே பிறக்கிறது என்ற கேள்வி மட்டும் ஊகத்திலேயே நின்றது. கல்லீரல் என்றனர் சிலர். மண்ணீரல் என்றனர் சிலர். நிணநீர்க் கழலைகள் என்றனர் வேறு சிலர். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை எவரும் பொருட்படுத்தவில்லை. அது எலும்புக்கு உணவு அல்லது வெற்றுக் கொழுப்பு என்று தள்ளப்பட்டிருந்தது.

அதைப் பொருட்படுத்தியவர்கள் இருவர். இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் 1868-இல் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஒருவர் கோனிக்ஸ்பெர்க் நகரத்து எர்ன்ஸ்ட் நாய்மன். மற்றவர் இத்தாலிய தேசத்து ஜூலியோ பிட்ஸொஸெரோ. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. கருப்பையில் உள்ள சிசுவின் இரத்தத்திலோ உட்கருவுள்ள சிவப்பணுக்கள் நிறைய உண்டு. அத்தகைய உட்கருவுள்ள இளம் அணுக்கள் முயலின் மஜ்ஜையிலும் மனித மஜ்ஜையிலும் வாழ்நாள் முழுவதும் இருப்பதைக் கண்ட நாய்மன், இரத்தம் பிறக்கும் இடம் எலும்பு மஜ்ஜையே என்றும், அந்த உற்பத்தி பிறப்போடு நின்றுவிடாமல் தொடர்ந்து நடைபெறுகிறது என்றும் அறிவித்தார். உடம்பில் பிறந்து வளர்ந்து முடிந்த பின்னும் ஓயாத சிருஷ்டி ஒன்று நடக்கிறது என்பது அக்காலத்து மருத்துவர்களுக்கு எளிதில் ஜீரணமாகவில்லை. பிட்ஸொஸெரோவுக்கு அப்பொழுது வயது 22.

ஜெர்மன் சர்வகலாசாலைகளில் அக்காலத்தில் நிலவிய ஏற்பாட்டை இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பட்டம் பெற்ற இளைஞன் ஒரு பேராசிரியரிடம் உதவியாளனாகச் சேர்வான்; வைத்தியசாலையாயின் நோயாளிகளைக் கவனிப்பான்; எஞ்சிய நேரத்தில் சுயமாக ஆராய்ச்சி செய்து ஒரு பெரிய கட்டுரையைச் சமர்ப்பித்து, கற்பிக்கும் உரிமையைப் பெறுவான்; பெற்ற பிறகும் நாற்காலி காலியாகும் வரை காத்திருப்பான். எஞ்சிய நேரம் எவ்வளவு என்பதை நிர்ணயிப்பவர் பேராசிரியர். பால் எர்லிக்கின் வரலாறு இதற்குச் சிறந்த உதாரணம். சாயப் பொருள்களின் மீது பித்துக்கொண்டவர் என்று சொல்லத்தக்க அளவுக்கு அவற்றில் ஈடுபட்டிருந்த எர்லிக், 1878-இல் லைப்ஸிக் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்த ஆராய்ச்சியுரையே திசுக்களுக்குச் சாயமேற்றுவதைப் பற்றியது. நிலக்கரித் தாரிலிருந்து புதிது புதிதாகச் சாயங்களைப் பிரித்தெடுத்து ஆடைகளுக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஜெர்மன் தொழிற்சாலைகளின் சரக்கை, அவர் ஆடைக்குப் பதிலாக அணுவுக்கு ஏற்றினார்.

அவ்வாண்டிலேயே பெர்லின் நகரத்து ஷாரிட்டே வைத்தியசாலையில் பிரெரிக்ஸ் என்னும் பேராசிரியரிடம் அவர் உதவியாளராகச் சேர்ந்தார். பிரெரிக்ஸ் இந்த இளைஞருடைய போக்கை அறிந்து, வார்டு வேலைகளால் அவரை நெருக்காமல், விருப்பம்போல் ஆராய விட்டுவிட்டார். எர்லிக் இரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகத் தடவி, செப்புத் தகட்டின் மேல் சூடேற்றி உலர வைத்து, அமிலச் சாயம், காரச் சாயம், இரண்டும் சமமாகக் கூடிய நடுநிலைச் சாயம் என மூன்று வகையையும் மாற்றி மாற்றிப் பிரயோகித்தார். அதுவரை வெள்ளையணு என்ற ஒரே பெயரில் அடங்கியிருந்தவை, எந்தச் சாயத்தை எந்தத் துகள் ஏற்கிறது என்ற ஒரே பேதத்தினால் தனித்தனி ஜாதிகளாகப் பிரிந்து நின்றன. இயோசின் என்ற சிவந்த சாயத்தை விரும்பி ஏற்கும் இயோசினோபில் 1879-இல் அவ்வாறு வெளிப்பட்டதே. இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் இரத்தப் படலத்தின் மேல் ஊற்றும் லீஷ்மன் சாயமும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான். 1885-இல் பிரெரிக்ஸ் காலமானார். அவருக்குப் பின் வந்த கெர்ஹார்ட் நோயாளிகளைக் கவனிப்பதையே உதவியாளரின் முதற்கடமையாகக் கருதினார். எர்லிக்கின் சாயக் குப்பிகள் ஓரங்கட்டப்பட்டன. சில ஆண்டுகளில் அவர் ஷாரிட்டேயை விட்டு வெளியேறினார். மனிதர் மாறவில்லை, திறமை குன்றவில்லை. மேலிருந்தவர் அவகாசத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சாயத்தினால் அணுக்களை வகைப்படுத்தியபின் மற்றொரு பெரிய வாதம் கிளம்பியது. இத்தனை ஜாதி அணுக்களும் தனித்தனி மூலத்திலிருந்து வந்தவையா, அல்லது எல்லாவற்றுக்கும் ஒரே ஆதி அணு உண்டா? எர்லிக் முதலியோர் மூலங்கள் வேறு வேறு என்றார்கள். ருஷிய தேசத்து அலெக்ஸாண்டர் மாக்ஸிமோவ் 1909-இல் பெர்லின் நகரத்து இரத்தவியல் சங்கத்தில் நிகழ்த்திய உரையில், எல்லா இரத்த அணுக்களுக்கும் பொதுவான ஒரு மூல அணு உண்டு என்ற ஏகமூலச் சித்தாந்தத்தை எடுத்துரைத்தார். இரு தரப்பாரும் கூர்மையான கண் படைத்தவர்கள். இரு தரப்பாரும் ஒரே மாதிரியான கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார்கள். ஐம்பது ஆண்டுகள் வாதிட்டும் முடிவு காணவில்லை. காரணம் எளிது. சாயமேற்றிய அணு இறந்த அணு. அது தான் எப்படியிருந்தது என்பதைக் காட்டுமேயன்றி, வாழ்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைக் காட்டாது. மூலத்தை அறிய வேண்டுமானால் அணுவை உயிரோடு வைத்து, அதன் சந்ததியைக் கண்டாக வேண்டும். அதற்குப் பார்வையைவிடப் பொறுமையும் காலமும் அதிகம் தேவை.

இதற்கிடையில் அமெரிக்காவில் உபகாரச் சம்பளம் என்ற ஏற்பாடு ஒழுங்கான உருவம் பெற்றது. 1876-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை திறக்கப்பட்டபோதே ஆராய்ச்சிக்கெனச் சம்பளம் கொடுத்து இளம் அறிஞர்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் சிலர் ஏற்கெனவே டாக்டர் பட்டம் பெற்றவர்கள். 1919-இல் ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் பொருளுதவியுடன் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில், டாக்டர் பட்டம் பெற்ற பௌதிக, ரசாயன விஞ்ஞானிகளுக்கென உபகாரச் சம்பளங்களை நிறுவியது. சில ஆண்டுகளில் மருத்துவ விஞ்ஞானத்துக்கும் அது விரிந்தது. ஜெர்மன் உதவியாளன் ஆசிரியரின் ஆள். இந்தப் புதிய ஏற்பாட்டிலோ பணம் வேறிடத்திலிருந்து வந்தபடியால், இளைஞன் ஓரளவுக்குத் தன் வினாவைத் தானே தேர்ந்துகொள்ளும் சுதந்திரமும், தான் விரும்பிய ஆராய்ச்சிசாலையை நாடிச் செல்லும் உரிமையும் பெற்றான்.

அந்தச் சுதந்திரம் எட்டாதவர்களும் இருந்தார்கள். சென்னையோடு நெருங்கிய தொடர்புடைய எல்லப்பிரகடா சுப்பாராவ் அவர்களுள் ஒருவர். பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற அவர், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்து, தாமும் அந்நோயில் விழுந்து ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதியால் பிழைத்தவர், 1923-இல் பாஸ்டன் சென்று சேர்ந்தார். அங்கே வயிற்றுப்பாட்டுக்கு வைத்தியசாலையில் இரவுப் பணியாளாக வேலை செய்தபடியே, ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க் என்பவரோடு சேர்ந்து, உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வகுத்தார். 1930-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அதன்பின் பத்தாண்டுகள் அங்கேயே உழைத்தும் நிலையான பதவி கிடைக்கவில்லை.

1940-இல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிசாலைக்குப் போன பிறகுதான் ஆட்களும் பொருளும் அவர் கைக்கு வந்தன. பம்பாயில் 1931-ஆம் ஆண்டளவில் ஆங்கில மாது டாக்டர் லூசி வில்ஸ், கர்ப்பிணிகளுக்குக் காணும் ஒருவகைச் சோகையை ஈஸ்ட் சத்து குணப்படுத்துவதைக் கண்டிருந்தார். அந்தச் சத்தில் மறைந்திருந்த போலிக் அமிலத்தை 1945-இல் சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழு ரசாயன முறையில் ஆக்கிக் காட்டியது. சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூ நோயிலும் இரத்தம் குன்றுவதற்கு அந்த அமிலத்தின் குறைவே முக்கிய காரணம். அதே குழு, போலிக் அமிலத்தைப் போன்ற தோற்றமுடையதும் அணுக்களின் பெருக்கத்தைத் தடுப்பதுமான அமினோப்டெரினை ஆக்கிக் கொடுக்க, பாஸ்டனில் சிட்னி பார்பர் அதை லுக்கேமியா கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் அறிவித்தார். வெள்ளையணுக்கள் வரம்பு மீறிப் பெருகும் அந்நோயை மருந்தால் சிறிதேனும் அடக்கலாம் என்பதற்கு அதுவே முதற்சான்று. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

ஏகமூல வாதத்தின் முடிவு வேறொரு திசையிலிருந்து வந்தது. ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களுள் பலர், காயம் ஒன்றுமின்றியே சில வாரங்களில் இரத்தம் வற்றி மடிந்தார்கள். கதிர்வீச்சு மஜ்ஜையை அழிக்கிறது என்பது தெளிவாயிற்று. சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன் 1949-இல் சுண்டெலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துக் கதிர்வீச்சு செலுத்தினார், எலிகள் பிழைத்தன. 1951-இல் எகான் லோரென்ஸும் அவர் குழுவினரும் ஆரோக்கியமான மஜ்ஜையைச் செலுத்தியும் எலிகளைப் பிழைக்க வைத்தார்கள். காப்பாற்றியது மஜ்ஜையிலிருந்து கசியும் ஏதோ ஒரு ரசமா, அல்லது மஜ்ஜையின் அணுக்களே குடியேறிப் பெருகினவா? இங்கிலாந்தில் ஹார்வெல்லில் போர்டு, ஹேமர்ட்டன், பார்ன்ஸ், லூட்டிட் ஆகியோர் அடையாளம் காணத்தக்க குரோமோசோம் உடைய அணுக்களைச் செலுத்தி, பிழைத்த எலியின் மஜ்ஜையில் பெருகியிருப்பவை கொடுத்த எலியின் அணுக்களே என்று 1956-இல் நிரூபித்தார்கள்.

கனடா தேசத்து டொராண்டோ நகரில் புதிதாக ஏற்பட்டிருந்த ஆண்டாரியோ புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில், இந்தச் சந்தர்ப்பத்தில் இருவர் ஒன்று சேர்ந்தார்கள். ஜேம்ஸ் டில் சஸ்காச்சுவான் பகுதி விவசாயக் குடும்பத்தில் பிறந்த பௌதிக அறிஞர். 1957-இல் யேல் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் முடித்து, டொராண்டோவில் போஸ்ட்டாக்காக இருந்து, அப்படியே நிலையத்துக்கு வந்தவர். எர்னஸ்ட் மெக்கல்லக் அந்நகரத்து மருத்துவர். கதிர்வீச்சு மஜ்ஜை அணுக்களை எவ்வளவு பாதிக்கிறது என்று அளப்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட காரியம். மூல அணுவைத் தேடுவது அவர்கள் நோக்கமன்று. மரண அளவு கதிர்வீச்சுக்கு உட்பட்ட எலிகளுக்கு, எண்ணி அளந்த மஜ்ஜை அணுக்களைச் செலுத்தினார்கள். பத்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலிகளைப் பார்க்க வந்த மெக்கல்லக் அவற்றின் மண்ணீரலின் மேல் சிறுசிறு புடைப்புகள் கிளம்பியிருப்பதைக் கண்டார். கண்டதோடு நில்லாமல் ஒவ்வொன்றாக எண்ணினார். செலுத்திய அணுக்களின் தொகையையும் புடைப்புகளின் தொகையையும் வரைபடத்தில் குறித்தார். புள்ளிகள் நேர்க்கோட்டில் அமர்ந்தன.

அந்த நேர்க்கோட்டின் பொருளை உணர்வதற்கு டில்லைப் போன்ற பௌதிகர் வேண்டியிருந்தது. புடைப்பு ஒன்று உண்டாக இரண்டு அணுக்கள் கூட வேண்டுமாயின், செலுத்தும் அணுக்கள் இருமடங்கானால் புடைப்புகள் நான்மடங்காக வேண்டும். இருமடங்காகவே ஆவதால், ஒவ்வொரு புடைப்பும் தனி ஓர் அணுவின் சந்ததி என்று அனுமானிக்கலாம். ஏறத்தாழ பத்தாயிரம் மஜ்ஜை அணுக்களுக்கு ஒரு புடைப்பு உண்டாயிற்று. 1961-இல் இது கதிர்வீச்சு ஆராய்ச்சிக்குரிய ஒரு பத்திரிகையில் வெளியானபடியால், இரத்த வைத்தியர்கள் பலர் கண்ணில் படவே இல்லை. அனுமானத்தைப் பிரத்தியட்சமாக்கியவர் ஆண்ட்ரூ பெக்கர் என்ற மாணவர்: அணுக்களின் குரோமோசோம்களில் கதிர்வீச்சால் தற்செயலாக உண்டாகும் பழுதுகளைக் குறியாகக் கொண்டு, ஒரே புடைப்பில் உள்ள அணுக்கள் அனைத்தும் ஒரே பழுதைத் தாங்கியிருப்பதை 1963-இல் காட்டினார். சிவப்பணுவும் வெள்ளையணுவும் தட்டணுவின் தாயும் ஒரே புடைப்புக்குள் இருந்தன. அதே ஆண்டில் டில்லும் மெக்கல்லக்கும் லூயி சிமினோவிச்சுடன் சேர்ந்து, ஒரு புடைப்பைக் கலைத்து வேறு எலிகளுக்குச் செலுத்தினால் புதிய புடைப்புகள் தோன்றுவதையும் கண்டார்கள். தன்னைப் போன்ற இன்னொன்றையும் தன்னில் வேறான பலவற்றையும் ஈனும் ஆற்றலே மூல அணுவின் இலக்கணம் என்பது அதனால் நிலைபெற்றது. மாக்ஸிமோவின் கட்சி வென்றது, அவர் காலமாகி முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்.

ஆனால் சரித்திரம் அங்கே முடியவில்லை. 1982-இல் மாலி, இஸ்கோவ், ஒடார்ட்செங்கோ ஆகிய மூவர், முதலில் தோன்றும் புடைப்புகளுள் பல சில நாட்களில் மறைந்துபோக, வேறு இடங்களில் வேறு புடைப்புகள் பிற்பாடு எழுவதைக் கண்டார்கள். முதலில் எழுந்தவை உண்மையான மூல அணுவின் சந்ததி அல்ல, அதன் பிள்ளைகளின் சந்ததி. மெய்யான மூல அணு அவசரப்படுவதில்லை. ஆகவே அதைச் சோதிக்கும் காலமும் நீண்டது: இன்றைய ஒழுங்கின்படி, செலுத்திய அணு எலியின் இரத்தத்தை முழுமையாகப் படைத்துத் தருகிறதா என்பதைக் குறைந்தது 16 வாரங்கள் பொறுத்துப் பார்த்து, பிறகு அந்த எலியின் மஜ்ஜையை இரண்டாவது எலிக்குச் செலுத்தி இன்னும் 16 வாரங்கள் காத்திருக்க வேண்டும். 1961-இல் பத்து நாட்களில் கிடைத்த விடை இப்பொழுது எட்டு மாதங்களில் கிடைக்கிறது.

இத்தகைய நெடிய காத்திருப்புக்கு இடம் கொடுத்த ஏற்பாடுகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஹால் நிலையத்தில் 1954-இல் டொனால்ட் மெட்காப்புக்குக் கார்டன் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அதை அவர் ஆயுட்காலம் முழுவதும் வைத்திருந்தார். ரே பிராட்லியோடு சேர்ந்து 1966-இல் அகார் கூழில் மஜ்ஜை அணுக்களைக் கூட்டங்கூட்டமாக வளர்த்த அவர் (இஸ்ரேலில் புளுஸ்னிக், சாக்ஸ் இருவரும் 1965-இல் இதையே கண்டிருந்தார்கள்), அந்தக் கூட்டங்களை வளரச் செய்யும் பொருள் எது என்ற ஒரே வினாவை இருபது ஆண்டுகள் துரத்தினார். அதன் பயனாகக் கிடைத்த ஜி-சி.எஸ்.எப். என்னும் வளர்ச்சிப் பொருள் இன்று புற்றுநோய் மருந்தால் வெள்ளையணு குன்றியவர்களுக்கு உயிர்காவல். தானம் செய்பவரின் எலும்பைத் துளைக்காமல், மூல அணுக்களை இரத்தத்துக்கே வரவழைத்து எடுக்கவும் அதுவே உதவுகிறது.

குறுகிய காலத்திலும் பெரிய காரியம் நடந்ததில்லையா என்று கேட்கலாம், நடந்ததுண்டு. ஜார்ஜ் கோலர் 1974-இல் ஐரோப்பிய உபகாரச் சம்பளம் ஒன்றில் கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைனிடம் போஸ்ட்டாக்காகச் சேர்ந்து, எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி-அணுவைச் சாகாத புற்றணுவோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கும் கலப்பணுவைப் படைத்தார்; 1975-இல் பிரசுரமான அதற்கு 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த எதிர்ப்பொருள்களையும், ஸ்டான்போர்டில் ஹெர்ஸன்பர்க் உருவாக்கிய, ஒளிரும் அணுக்களைத் தனியே பிரிக்கும் யந்திரத்தையும் கொண்டே, அங்கேயே வைஸ்மன் என்பவருடைய ஆராய்ச்சிசாலையில் போஸ்ட்டாக்காக இருந்த ஜெரால்ட் ஸ்பாங்குருட் முதலியோர் 1988-இல் எலியின் மூல அணுவைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டாயிரம் மஜ்ஜை அணுக்களில் ஒன்று என்னும் அளவில் அரிதான அவற்றில் முப்பது போதும், மரண அளவு கதிர்வீச்சுண்ட எலிகளில் பாதியைப் பிழைக்க வைக்க. ஆனால் கோலரின் விரைவுக்குப் பின்னால் மில்ஸ்டைன் பல ஆண்டுகள் சேர்த்துவைத்த அணு வரிசைகள் இருந்தன. ஸ்பாங்குருட்டுக்கு முன்னால் அதே ஆராய்ச்சிசாலையில் கிறிஸ்டா மியூலர்-சீபர்க் முதலியோர் அதே வழியில் நடந்து பாதி தூரத்தைக் கடந்திருந்தார்கள். ஒருவரின் இரண்டாண்டு பலிப்பதற்கு வேறு பலரின் பத்தாண்டு அடியில் கிடக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஞானத்தின் பயன் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று. இரத்தம் உறையாத ஹீமோபிலியா-ஏ என்ற பிறவி நோய் கண்ட ஐவருக்கு, அவர்களுடைய சொந்த மூல அணுக்களையே எடுத்து, குறைபட்ட ஜீனுக்கு ஈடாகச் சரியாக இயங்கும் ஜீனை அவற்றில் சேர்த்துத் திரும்பச் செலுத்திய வேலூர்ச் சிகிச்சையின் விவரம் 2024 டிசம்பரில் வெளியாயிற்று. டொராண்டோ எலிகளின் மண்ணீரல் புடைப்பிலிருந்து வேலூர்ப் படுக்கை வரை அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தூரம். அந்தத் தூரத்தைக் கடந்த கைகளில் பெரும்பாலானவை பெயர் விளங்காத இளம் ஆராய்ச்சியாளர்களுடையவை.

இப்பொழுது இந்தியாவில் டாக்டர் பட்டம் பெற்றவர்களுக்கு மத்திய அரசு வழங்கிவரும் தேசிய உபகாரச் சம்பளத்தின் காலம் இரண்டாண்டு. எட்டு மாதம் பிடிக்கும் பரிசோதனை ஒன்றை, எலி வளர்த்து, அனுமதி பெற்று, ஒருமுறை தவறினால் மறுமுறை தொடங்கி, இரண்டாண்டுக்குள் செய்து முடிப்பது எளிதன்று. ஆகவே புத்திசாலியான இளைஞன், தன் வினாவைச் சம்பளத்தின் நீளத்துக்கு ஏற்பக் கத்தரித்துக்கொள்கிறான் என்றால் அவனைக் குறைகூற முடியாது. ஹியூசனின் நாளில் ஒரு துளியை ஒரு மாலையில் பார்த்து முடிக்கலாம்; டில்லும் மெக்கல்லக்கும் பத்து நாள் காத்தார்கள்; இன்று வினா ஆழமாக ஆக, விடைக்குரிய காலம் நீள, கொடுக்கப்படும் அவகாசமோ நீளவில்லை. விஞ்ஞானத்துக்குப் பொருள் வழங்குவோர் கட்டடங்களையும் யந்திரங்களையும் எண்ணிப் பார்ப்பதற்கு முன்னால், பிரெரிக்ஸ் எர்லிக்குக்குக் கொடுத்ததும் கெர்ஹார்ட் பறித்ததும் மெட்காப் ஆயுள் முழுவதும் அனுபவித்ததுமான அந்த ஒரே பொருளைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஓர் உபகாரச் சம்பளத்தின் காலத்தை அரசாங்கத்தின் நிதியாண்டைக் கொண்டு வகுக்காமல், ஆராயப்படும் அணுவின் காலத்தைக் கொண்டு வகுப்பதே நியாயம். இரத்த ஆராய்ச்சிக்கு அது ஐந்தாண்டுக்குக் குறையலாகாது.